டிராக்டர் திண்டும் ஜட்ஜ் நாற்காலியும்

இரண்டாவது லயம்,
பெலிம்பிங் தோட்டம், கோலசிலாங்கூர், மலேசியா.
9 செப்டம்பர் 1984

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அப்பா நல்லசாமி எழுதுவது. நான், உன் அம்மா, உன் அண்ணன் வாசு மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. ரேடியோவைவிட நம்பகமான கால். அங்கே உன் படிப்பும் உடம்பும் எப்படி? அமெரிக்காவில் புளி கிடைக்கிறதா என்று உன் அம்மா கேட்கிறாள். கிடைக்காவிட்டால் அந்த நாட்டை எப்படிப் பெரிய நாடு என்கிறார்கள் என்றும் கேட்கிறாள்.

உன் கடிதத்தை வழக்கம்போல் முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, நான் எழுத்துக் கூட்டுவதைக் கண்டுபிடிக்கமாட்டாள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "ஒரே வரிய ரெண்டு தடவ படிக்காதீங்க" என்கிறாள். பிறகு அன்னம்மா கடையில் வாசித்தேன். உன் கடிதம் வருகிற அன்றைக்கு அங்கே தேத்தண்ணி நன்றாக ஓடுகிறது. அன்னம்மா எனக்குப் பங்கு தரவேண்டும்.

சனிக்கிழமைகளில் ஒரு ஜட்ஜ் வீட்டில் வேலை என்று எழுதியிருந்தாய். அவர் செத்து நூற்றைம்பது வருஷம் என்றும் எழுதியிருந்தாய். செத்தவர் வீட்டில் உனக்கு என்ன வேலை? விவரமாக எழுது. நானும் ஒரு ஜட்ஜ் என்பதால் கேட்கிறேன். சிரிக்காதே. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் தோட்டப் பஞ்சாயத்துத் தலைவன் ஆகக்கூடாது என்று சட்டமில்லை. யார் வீட்டுக் கோழி யார் வீட்டுக் கீரையைத் தின்றது, குழாயடியில் யார் வாளி முன்னால் இருந்தது, இவைதான் என் வழக்குகள். தீர்ப்புச் சொன்னதும் இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைத் திட்டும். அதை வைத்துத்தான் நான் நடுநிலை தவறவில்லை என்று தெரிந்துகொள்கிறேன்.

வாசுவைச் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். இரும்பு சீட்டு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உன் அம்மா பழைய கைலியில் பஞ்சடைத்து ஒரு திண்டு தைத்துக் கொடுத்தாள், சிவப்புக் கட்டம். அதைப் போட்டுத்தான் உட்காருவான், இறங்கினால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடப்பான். நடராஜா மகள் கங்காவை அவனுக்குப் பேசி வைத்ததிலிருந்து அன்னம்மாவுக்கு வாய் நீண்டுவிட்டது. "மாப்பிள்ள தலகாணியோடயே வந்துட்டாருலா, பொண்ணு எங்க?" என்று கத்துகிறாள்.

குளிருக்கு முன்னால் கம்பளி வாங்கிக்கொள்.

உன் அப்பா,
நல்லசாமி (ஜட்ஜ்)


ஹார்லன்வில், நியூயார்க் மாநிலம்
30 செப்டம்பர் 1984

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சந்திரிகாவின் வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். புளி இங்கே இல்லை. எலுமிச்சையை வைத்து ரசம் என்று பெயர் சொல்லி ஒன்று வைத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஜட்ஜ் பெயர் ஈதன் ஹார்லன். இந்த ஊரே அவர் பெயரில்தான் இருக்கிறது. இருபத்தாறு வயதில் ஒரு குதிரையும் ஒரு அளவுச் சங்கிலியுமாக வந்தார், ஆறு தொடங்கி மலைவரை நிலம் வாங்கினார், அதைத் துண்டுபோட்டுக் குத்தகைக்கு விட்டார். காலியாகக் கிடந்த காடு என்று, வருகிறவர்களிடம் ஒப்பிக்க எனக்குக் கொடுத்த பாடத்தில் இருக்கிறது. காலியாகக் கிடந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறகு மாவட்ட நீதிபதி ஆனார். நிலமும் அவருடையது, நீதியும் அவருடையது. மனைவி பேஷன்ஸ். மூத்தவள் அபிகெயில், அடுத்தவன் நேதன், பிறகு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை.

அவர் வீடு இப்போது அருங்காட்சியகம், வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. அந்தக் காலத்து நீளப் பாவாடை, வெள்ளைத் தொப்பி. கறுப்பான ஒரு பெண் அந்த உடுப்பில் நின்று "வாருங்கள், இது ஜட்ஜின் படிப்பறை" என்று சொன்னால் வெள்ளைக்காரக் கிழவிகள் என்னைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருமதி புரூயிட் நல்லவர். ஆனால் பாடத்தில் ஒரு சொல் மாறினாலும் இருமுவார்.

ரமணிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள், செல்லனைக் கட்டியதும் என்னை மறந்துவிட்டாளா என்று கேளுங்கள். குழந்தை நடக்கிறதாமா?

அன்புடன்,
சந்திரிகா


பெலிம்பிங் தோட்டம்
21 அக்டோபர் 1984

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லாரும் உயிரோடு சுகம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் டிராக்டர் கவிழ்ந்துவிட்டது. பதினாறாம் நம்பர் செம்பனைக் காட்டுக்குப் போகிற பலகைப் பாலம் உனக்குத் தெரியும். மழையில் மண் கரைந்து, டிராக்டரும் குலை வண்டியும் அப்படியே கால்வாய்க்குள் இறங்கிவிட்டன. குலைகளின் மேல் உட்கார்ந்து வந்த சன்னாசிக்கு வலது கால் நசுங்கி, கிள்ளான் ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாற்பது அடி மரத்தில் குலை தள்ளுகிற மனுஷன். போய்ப் பார்த்தேன். "நல்லா, இனிமே ஒரு சிலிப்பருதான் வாங்கணும்" என்றான். நான்தான் தோட்டத்துக் கோமாளி என்று நினைத்திருந்தேன்.

யார் ஓட்டியது என்பதுதான் இப்போது பேச்சு. ஆபீஸ் முன்னாலேயே வண்டியைச் செல்லனிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன், சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கால்வாயில் இறங்கிச் சன்னாசியைத் தூக்கினேன் என்கிறான் வாசு. வாசுதான் ஓட்டினான், நான் மட்காட்டில் உட்கார்ந்திருந்தேன், குதித்துவிட்டேன் என்கிறான் செல்லன். சன்னாசி பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தானாம். தோட்டத் துரைக்குப் போலீஸ் வேண்டாம். ஆபீஸ் கிராணியிடம் சொல்லி அனுப்பிவிட்டார்: பஞ்சாயத்தே முடிவு செய்யட்டும், ஓட்டியவனுக்கு வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

நான் வேலையை விட்ட பிறகு இந்த வீடு வாசு பேரில்தான் நிற்கிறது. செல்லன் வீட்டில் ரமணியும் கைக்குழந்தையும். தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில் நான். கோழி வழக்கு எவ்வளவு நல்ல வழக்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் ஜட்ஜுக்கு இப்படி ஏதாவது வந்ததா? அவருக்கும் ஒரு மகன் இருந்தான் என்று எழுதியிருந்தாயே. கேட்டு எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்டாயிற்று. உரலை ரமணி இரவல் வாங்கிப் போயிருக்கிறாள். ஓயாத மழை. அம்மா துவைத்துப் போட்ட திண்டு மூன்று நாளாகக் காயவில்லை, வாசு சாக்கைப் போட்டு உட்காருகிறான்.

அப்பா


ஹார்லன்வில்
6 நவம்பர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு, சந்திரிகா. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் அங்கேயே இருக்கிறது. சன்னாசி பெரியப்பா என்னைத் தோளில் வைத்துத் தைப்பூசம் காட்டியவர். அவர் காலை நினைத்துக்கொண்டே இரண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

ஜட்ஜுக்கும் வந்திருக்கிறது அப்பா. நான் வாராவாரம் சொல்கிற கதைதான். ஏமஸ் டட்டில் என்று ஒரு குத்தகைக்காரர். அவருடைய களஞ்சியம் எரிந்துபோயிற்று. ஜட்ஜின் மகன் நேதன் சுருட்டுப் பற்றவைத்து வீசினான் என்றார் டட்டில். டட்டிலே கொளுத்திவிட்டுக் குத்தகையிலிருந்து தப்பப் பார்க்கிறார் என்றான் நேதன். வழக்கு ஜட்ஜ் முன்னால் வந்தது. அவர் எழுந்தார், கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். "இன்று நான் ஒரு தகப்பன். நீதிபதி வேறொருவர் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அந்த நாற்காலி இன்னும் இருக்கிறது, கயிறு கட்டி வைத்திருக்கிறோம். இந்த இடத்தில் எல்லாரும் கைதட்டுவார்கள்.

இது உங்களுக்கு உதவுமா என்று தெரியவில்லை. நாற்காலியைவிட எனக்கு வேறு ஒன்றுதான் தெரியவேண்டும். அண்ணன் உங்களிடம் தனியாக என்ன சொன்னான்?

உங்கள் மகள்,
சந்திரிகா


பெலிம்பிங் தோட்டம்
25 நவம்பர் 1984

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசி. உன் கடிதம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து.

கோயில் முன்னால் தோட்டமே கூடிவிட்டது. நான் நாற்காலியில் உட்காரவில்லை. உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன், ஜட்ஜ் அங்கியைக் கழற்றிய இடம் வரைக்கும். எனக்கு அங்கி ஏது? தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டேன். "நான் இன்னைக்கு தகப்பன். வேற யாராச்சும் உக்காருங்க" என்றேன். ஒரு கைதட்டல் வந்தது பார், முனீஸ்வரர் கோயில் மணி தானாக ஆடியிருக்கும். நாடகத்தில் எனக்கு வேஷமே கொடுக்காத ஊர் இது.

நடராஜா உட்கார்ந்தான். தோட்டத்தில் வேறு யாருக்கு நாலு வார்த்தை பேச வருகிறது?

செல்லன் எழுந்து, "சூடம் கொளுத்துங்க! வாசு அடிச்சி அணைச்சி சத்தியம் பண்ணட்டும், நான் இப்பவே மூட்டையக் கட்டுறேன்!" என்று கத்தினான். வாசு ஓர் அடி முன்னால் வந்தான். உன் அம்மா இருந்த பக்கமிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் கேட்டது. நடராஜா கையைத் தூக்கி, "சாமிய ஏன்டா இதுல இழுக்கிற? மனுஷன் தீக்க முடியாததுக்குத்தான் சூடம்" என்று அடக்கிவிட்டான். பிறகு தீர்த்தான். ஓட்டியது செல்லன். தைப்பூசத்துக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

முடிந்துவிட்டது. எல்லாரும் என்னை இப்போது ஜட்ஜ் என்றே கூப்பிடுகிறார்கள், கிண்டல் இல்லாமல். பாசிர் பெனம்பாங் போய் நல்ல கெளுத்தியாகப் பார்த்து வாங்கி வந்தேன். அம்மா குழம்பு வைத்தாள். தட்டில் போட்டு வைத்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு வாயில் புண் போலிருக்கிறது, அதிகம் பேசுவதில்லை. என் காதுக்கு ஓய்வு.

அப்பா


ஹார்லன்வில்
2 டிசம்பர் 1984

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. பஞ்சாயத்து நடந்ததா, இல்லையா? எல்லாரும் நலம்தானே? இங்கே முதல் பனி விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் பார்க்கத் தோன்றவில்லை.

உங்கள் பழைய கடிதத்தை மறுபடி படித்தேன். அண்ணன் நடந்து வந்தான் என்றால் திண்டு அவன் கக்கத்தில் இருந்திருக்கும். சன்னாசி பெரியப்பாவைத் தூக்கக் கால்வாயில் இறங்கினான், அவன் துணி நனைந்தது சரி. திண்டு எதற்கு இறங்கியது அப்பா? அம்மா அதை ஏன் துவைத்தாள்?

சந்திரிகா


ஹார்லன்வில்
16 டிசம்பர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் நவம்பர் கடிதம் கிடைத்தது. உங்கள் உடம்பையும் அம்மாவின் வாய்ப்புண்ணையும் பற்றி இன்றைக்கு நான் கேட்கப்போவதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அங்கியைக் கழற்றும் இடம் வந்தபோது அதை விட்டுவிட்டு அடுத்த அறைக்கு நடந்தேன். வந்தவர்கள் போனபிறகு திருமதி புரூயிட்டிடம், ஜட்ஜுக்குப் பதிலாக உட்கார்ந்தது யார் என்று கேட்டேன். இத்தனை மாதம் சொல்லியும் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். அவர் இருமவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

உட்கார்ந்தது பேஷன்ஸின் கூடப்பிறந்த தம்பி அப்பா. ஜட்ஜின் மைத்துனர். டட்டில்தான் குற்றவாளி என்று அன்றைக்கே முடித்துவிட்டார். பனி தொடங்கியபிறகு டட்டிலை மனைவி பிள்ளைகளோடு நிலத்திலிருந்து இறக்கினார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலம்தான் இப்போது நாங்கள் வண்டி நிறுத்தும் இடம்.

சமையலறையில் ஒரு முக்காலி இருக்கிறது. வாராவாரம் அதை நகர்த்தித்தான் கூட்டுவேன். அது அபிகெயிலுடையது. தம்பி சுருட்டு வீசியதை அவள் பார்த்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தீர்ப்பு நாளிலிருந்து அவள் அப்பாவின் மேசையில் உட்காரவே இல்லை. அவர் சாகும்வரை அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

"இதை ஏன் வருகிறவர்களிடம் சொல்வதில்லை?" என்று கேட்டேன். "அவர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள், கண்ணே" என்றார்.

தவறான கதையை உங்களுக்கு அனுப்பியது நான்தான். நாற்காலியை விட்டு எழுந்ததால் ஜட்ஜ் கை சுத்தமாகிவிடவில்லை. யார் உட்காருவார் என்று தெரிந்துதான் எழுந்தார். நடராஜா மாமா அண்ணனுக்கு மாமனார் ஆகப்போகிறவர்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் வாசிப்பீர்களா?

சந்திரிகா


பெலிம்பிங் தோட்டம்
10 ஜனவரி 1985

அன்பு மகளுக்குப் பொங்கல் வாழ்த்து. நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய். வாழைத்தார் ஒன்று பழுத்து நிற்கிறது, குரங்குக்கும் எனக்கும் போட்டி. இதுவரை குரங்குதான் ஜெயிக்கிறது. வாசு கல்யாணத்துக்குச் சித்திரையில் நாள் பார்க்கலாம் என்று நடராஜா சொல்கிறான். சன்னாசிக்கு மரக்கால் வருகிறதாம்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. ஜட்ஜ் கதை நன்றாக இருந்தது. கடையில் வாசித்தேன், எல்லாரும் ரசித்தார்கள்.

படிப்பைக் கவனி.

அப்பா


ஹார்லன்வில்
24 ஜனவரி 1985

அப்பா,

அதில் ரசிக்க ஒன்றும் இல்லையே. எதை வாசித்தீர்கள்?

சந்திரிகா


கதவு எண் 9, கடைவீதிப் பின்பக்கம்,
ரவாங்.
17 பிப்ரவரி 1985

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அப்பா எழுதுவது. மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். பயப்படாதே. மூன்று பேரும் சுகம், முழங்காலும் கூடவே வந்துவிட்டது.

உன் ஒருவரிக் கடிதம் எல்லாம் முடிந்து மறுநாள்தான் கைக்கு வந்தது. அதனால் நீ கேட்டுத்தான் நான் திருந்தினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெருமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

உன் டிசம்பர் கடிதம் வந்ததும் வழக்கம்போல் அம்மாவிடம் வாசிக்க உட்கார்ந்தேன். முன்னாலேயே படித்துப் பார்க்கிற புத்தி எனக்கு ஏது? கடிதத்தில் மைத்துனர் வந்துவிட்டார், நிறுத்த முடியவில்லை. முக்காலி வந்தது. அப்போது அவள் பின்வாசல் படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். உனக்கு வாய்ப்புண் என்று எழுதினேனே, அது புண் இல்லை. தீர்ப்பு நாளிலிருந்து அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒரே வரியை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு அவள் குறை சொல்லவில்லை.

அன்னம்மா கடையில் விட மாட்டேன் என்றார்கள். "என்னாலா ஜட்ஜ், அமெரிக்கா ஜட்ஜ் கத என்னா ஆச்சு? அந்த பயலுக்கு தண்டன குடுத்தாங்களா?" உன் கடிதத்தைக் கண்முன்னால் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். ஊரிலேயே பெரிய யோக்கியர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், எல்லாருக்கும் நீதி கிடைத்தது, ஜட்ஜுக்குச் சிலை வைத்தார்கள் என்று. எழுத்துக் கூட்டாமல் சரளமாக வாசித்தது அந்த ஒரு தடவைதான்.

தைப்பூசத்துக்கு முன்னால் கோயில் கூட்டம். வழக்கு முடிந்துவிட்டது, நல்லசாமி மறுபடி நாற்காலியில் உட்காரட்டும் என்று நடராஜா ஒரு மாலையும் வாங்கி வைத்திருந்தான். செல்லன் சாமான் ஏற்ற லோரி மறுநாள் காலையில் வருவதாக இருந்தது.

அன்று மத்தியானம் ரமணி வந்தாள். நம் முறுக்கு உரலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். நான் உள்ளே படுத்திருந்தேன், தூங்கவில்லை. "அத்த, அச்சு ஒண்ணு காணாம போச்சு. வீடெல்லாம் தேடிட்டேன். மன்னிச்சிக்குங்க அத்த" என்றாள். போய்விட்டாள். உன் அம்மா உரலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அடுப்பில் சோறு தீயும் வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

சாயந்தரம் கூட்டம். மாலை போட்டார்கள். நாற்காலிப் பக்கம் திரும்பினேன். உன் அம்மா பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்தாள். பஞ்சாயத்தில் அவள் முன்னால் வந்து நான் பார்த்ததே இல்லை. முந்தானைக்குள்ளிருந்து அந்தச் சிவப்புக் கட்டத் திண்டை எடுத்து நாற்காலியில் வைத்தாள். வைத்து, கையால் இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினாள். திரும்பிப்போய் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை தடவை துவைத்தும் கால்வாய்ச் சேறு ஓர் ஓரத்தில் போகவில்லை.

"ஜட்ஜுக்கு முதுகு வலிக்கும்னு பொண்டாட்டி மெத்த போட்டுச்சுடா!" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். நானும் ஏதாவது பகடி சொல்லிச் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இந்த வாய் இத்தனை வருஷம் என்னை எதிலிருந்தெல்லாம் காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சன்னாசி முன்வரிசையில் கட்டையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். "கடையில நான் படிச்சது என் மக எழுதினது இல்ல. எழுதினது இது" என்று சொல்லி, மைத்துனரிலிருந்து முக்காலி வரைக்கும் வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். நடராஜா எழுந்து, "நல்லசாமி, நிறுத்துலா. அவன் உன் மவன். என் பொண்ணு வாழ்க்க" என்றான். வாசித்து முடித்தேன்.

"சூடம் கொண்டா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். தட்டு வந்தது. நான்தான் பிடித்தேன். வாசு பின்னாலிருந்து எழுந்து வந்தான். தட்டைத் தாண்டிப் போனான். நாற்காலியிலிருந்த திண்டை எடுத்தான், வழக்கம்போல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். செல்லனுக்கு எதிரே போய் அப்படியே நின்றான். அவ்வளவுதான். சூடம் தானாக எரிந்து அணைந்தது.

பிறகுதான் வாசு, "பயந்துட்டேன்டா" என்றான். செல்லன் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது அடியைவிட மோசம்.

மறுநாள் வந்த லோரியைத் திருப்பி அனுப்பவில்லை. செல்லனுக்காக வந்ததில் நம் சாமான் ஏறியது. ரமணி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நடராஜா வரவில்லை. கங்கா பேச்சு முறிந்துவிட்டது, அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். சன்னாசி கட்டையோடு தோட்டத்து வாசல் வரைக்கும் நடந்து வந்தான். வாசு அவன் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவன், எந்தக் காலை என்று தெரியாமல் பாதியில் நின்றுவிட்டான். சன்னாசி அவன் தலையில் கை வைத்தானா, தள்ளிவிட்டானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. லோரி கிளம்பிவிட்டது.

இங்கே ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். வாசுவுக்குப் பலகைத் தொழிற்சாலையில் இரவு வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலை, திண்டு தேவையில்லை. சம்பள நாளில் சன்னாசியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனான். பார்த்தானா என்று நான் கேட்கவில்லை. நான் ஜட்ஜ் வேலையை விட்டுவிட்டேன். இங்கே என்னை யாருக்கும் தெரியாது, அதனால் என் பகடிக்குச் சிரிக்கவும் ஆளில்லை.

ரமணி உனக்கு எழுதுவாள். எழுதாவிட்டாலும் நீ எழுது. அச்சு கிடைத்துவிட்டது என்று சொல், நம் அரிசிப் பானைக்குள் கிடந்தது. அவள் தொலைக்கவே இல்லை.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் உன் அம்மா இரண்டு தட்டு எடுத்துத் தரையில் எதிரெதிரே வைத்துவிட்டு, "எழுதுனது போதும், சோறு ஆறுது" என்கிறாள். நான் போகிறேன்.

அப்பா